வீட்டுத் தோட்டத்தில் லோக்காட் மரம்: நடவு முதல் அறுவடை வரை முழுமையான வழிகாட்டி

பெரும்பாலான பழ மரங்கள் வசந்தத்தில் பூத்து, கோடையிலோ அதற்குப் பின்போ பழம் தருகின்றன. லோக்காட் மரத்தின் ஆண்டு இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. இலையுதிர்காலத்தில் மொட்டு விட்டு, குளிர் தொடங்கும் வேளையில் பூத்து, குளிர்காலம் முழுவதும் பிஞ்சைச் சுமந்து, மற்ற மரங்கள் அப்போதுதான் பூவுக்குத் தயாராகும் வசந்த நாட்களில் இது பழத்தைக் கனிய வைத்துவிடும். மற்றப் பழ மரங்களுக்கு எழுதப்பட்ட அட்டவணையை வைத்துக்கொண்டு இதற்கும் கவாத்து செய்பவர்களும் உரமிடுபவர்களும், செழித்த இலைகளைப் பார்த்துக்கொண்டே பழத்துக்கு ஏங்குவது இதனால்தான். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையும் மரத்தின் இந்தத் தலைகீழ் ஆண்டை ஒட்டியே அமைந்திருக்கிறது.

சீனாவின் தென்பகுதி மலைச்சரிவுகளைத் தாயகமாகக் கொண்டு, ஜப்பானில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிரிடப்பட்டு வரும் இம்மரம் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிளும் பேரியும் இதன் நெருங்கிய உறவினர்கள். ஆண்டு முழுவதும் பசுமை மாறாது. தோட்டத்தில் 4 முதல் 6 மீட்டர் உயரம் வளரும். தடுக்காமல் விட்டால் அதற்கு மேலும் போகும். தடித்த, நீண்ட, ஓரம் பல்பல்லாக அமைந்த இலைகளின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் பஞ்சுபோன்ற மென்மயிர் படர்ந்திருக்கும். பழம் இல்லாத காலத்திலும் பார்க்க அழகான மரம் என்பதால், பலர் இதை அழகுக்காக மட்டுமே நட்டுவிட்டு, பழத்தின் பக்கம் கவனம் செலுத்துவதில்லை.

படி 1: தட்பவெப்பம் பொருந்துகிறதா என்று பாருங்கள்

மரம் தாங்கும் குளிரும் அதன் பூவும் பிஞ்சும் தாங்கும் குளிரும் வேறு வேறு. வளர்ந்த மரம் ஏறத்தாழ −10 டிகிரி செல்சியஸ் வரை சேதமின்றித் தாங்கும். திறந்த பூ −7 டிகிரி அளவில் கருகிவிடும். பிஞ்சோ இன்னும் மென்மையானது. −3 அல்லது −4 டிகிரியிலேயே உள்ளிருக்கும் விதை உறைந்து கறுத்து, பிஞ்சு உதிர்ந்துவிடும். கடும் உறைபனி விழும் இடங்களில் மரம் ஆண்டுதோறும் பூத்தும் ஒரு பழமும் நிலைக்காததற்குக் காரணம் இதுவே. ஆனால் பூங்கொத்தில் எல்லாப் பூவும் ஒரே நாளில் மலர்வதில்லை. வாரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விரியும் என்பதால், ஒரு குளிரலையில் முன்பூக்கள் அழிந்தாலும் பின்பூக்கள் தப்பிக்க வாய்ப்புண்டு.

வெப்பத்தின் பக்கமும் எல்லை இருக்கிறது. பழம் நிறம் மாறும் நாட்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தோல் வெந்து பழுப்புத் திட்டுகள் விழும். வெப்பமண்டலத்தின் தாழ்ந்த சமவெளிகளில் மரம் நன்றாக வளர்ந்தாலும் காய்ப்பு பெரும்பாலும் ஏமாற்றமே தரும். அப்பகுதிகளில் இது மலைப்பகுதிக்குரிய பழம். சமவெளியில் இடம் குறைவாக இருப்பவர்கள் பழத்தை நம்பி இதை நடுவதைவிட வேறு மரம் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

படி 2: ஒட்டுக்கன்றைத் தேர்ந்தெடுங்கள்

லோக்காட் விதை மிக எளிதில் முளைக்கும். அந்த எளிமையே பலரைத் தவறான வழியில் இழுக்கிறது. விதைக்கன்று காய்ப்புக்கு வர 6 முதல் 10 ஆண்டுகள் ஆகலாம். வந்தாலும் தாய்மரத்தின் பழம் அதில் வரும் என்பதற்கு உறுதியில்லை. சிறிய பழம், பெரிய விதை, மெல்லிய சதை என்றே பெரும்பாலும் முடியும். ஒட்டுக்கன்று 2 அல்லது 3 ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். லோக்காட் விதைக்கன்றின் மீதே ஒட்டப்பட்டது முழு உயரத்துக்கு வளர்ந்து நீண்டகாலம் வாழும். சீமைமாதுளை (குவின்ஸ்) வேர்ச்செடியில் ஒட்டப்பட்டது குட்டையாக நின்று முன்னதாகவே காய்க்கும் என்பதால் சிறு தோட்டத்துக்கு ஏற்றது. எனினும் வேர்ப்பிடிப்பு குறைவாக இருப்பதால் அதற்கு ஊன்றுகோல் அவசியம்.

இரகங்களைப் பொதுவாக ஆரஞ்சு நிறச் சதை கொண்டவை, வெண்சதை கொண்டவை என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஆரஞ்சு இரகங்களில் சதை கெட்டியாகவும் மணம் கூடுதலாகவும் இருக்கும். வெண்சதை இரகங்கள் சாறு நிறைந்தவை, மென்மையானவை, ஆனால் சீக்கிரம் நசுங்கக்கூடியவை. ஜப்பானிய இரகங்களில் மோகியும் டனாகாவும், ஸ்பெயினில் பரவலாகப் பயிராகும் அல்ஜெரியும், கலிபோர்னியாவில் உருவான கோல்ட் நக்கெட், ஷாம்பெய்ன், அட்வான்ஸ் ஆகியவையும் பெயர் பெற்றவை. இவற்றுள் அட்வான்ஸ் இயல்பிலேயே குட்டையாக வளர்வது.

சில இரகங்கள் தம் மகரந்தத்தாலேயே காய்க்கும். சிலவற்றுக்கு வேறொரு இரகத்தின் மகரந்தம் வேண்டும். கன்று வாங்கும்போது இதைத் தவறாமல் கேட்டறியுங்கள். இடமிருந்தால் ஒரே காலத்தில் பூக்கும் இரண்டு இரகங்களை நடுங்கள்; தானே காய்க்கும் இரகத்திலும் அதனால் காய்ப்பு கூடும். பூ விரியும் குளிர்நாட்களில் வேறு பூக்கள் அரிது என்பதால் தேனீக்கள் இதைத் தேடிவரும். அந்த நாட்களில் பூச்சிமருந்து எதுவும் தெளிக்காதீர்கள்.

படி 3: இடமும் மண்ணும்

முழு வெயில் விழும் இடமே சிறந்தது. மிகு வெப்பம் உள்ள பகுதிகளில் பிற்பகல் நிழல் கிடைத்தால் பழம் வெந்துபோவது குறையும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும் என்பதால், உறைபனி விழும் பகுதிகளில் தாழ்ந்த மூலையை விட்டுவிட்டு மேட்டுப்பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளிவிடும் மதிலின் அருகாமை, பிஞ்சைக் காப்பாற்றும் ஒன்றிரண்டு டிகிரியைத் தரக்கூடும். சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டராவது தள்ளி நடுங்கள். மரத்துக்கு மரம் 5 முதல் 7 மீட்டர் இடைவெளி தேவை.

மண் பெரும்பாலும் எவ்வகையாக இருந்தாலும் லோக்காட் ஏற்றுக்கொள்ளும். தண்ணீர் தேங்குவதைச் சற்றும் ஏற்காது. சற்றே அமிலத்தன்மையிலிருந்து நடுநிலை வரை, அதாவது கார அமில நிலை 5.5 முதல் 7.5 வரை பொருத்தமானது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மஞ்சளிக்கும். உவர் நீரும் உவர் மண்ணும் ஆகாதவை; இலை ஓரம் கருகுவதே அதன் முதல் அறிகுறி.

வடிகாலைச் சோதிக்க ஓர் எளிய முறை உண்டு. 45 சென்டிமீட்டர் ஆழக் குழி எடுத்து அதை நீரால் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடியும் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் அடுத்த நாளும் குழியில் நின்றால் அங்கே நேரடியாக நடக்கூடாது. 30 முதல் 40 சென்டிமீட்டர் உயர மேடு அமைத்து அதன்மேல் நடுங்கள்.

படி 4: நடவு

குளிர்காலம் மிதமான இடங்களில் இலையுதிர்காலத் தொடக்கமும், உறைபனி கடுமையான இடங்களில் பனி ஓய்ந்த வசந்தமும் நடவுக்கு ஏற்றவை. தனி மழைக்காலம் உள்ள இடங்களில் முதல் மழைகளுக்குப் பின் நடலாம்.

வேர்ப்பந்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அகலமுள்ள, ஆனால் அதைவிட ஆழமில்லாத குழியை எடுங்கள். அடிமண்ணைக் கிளறித் தளர்த்தி நட்டால் மரம் பின்னர் இறங்கி, அடித்தண்டு மண்ணில் புதையும். அதைத் தவிர்க்கவே இந்த ஆழக் கணக்கு. எடுத்த மண்ணையே திருப்பி இடுங்கள். உரத்தை மேற்பரப்பில் இடலாம். பையில் சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள், பிரியாதவற்றைக் கத்தரித்துவிடலாம். ஒட்டுக்கட்டு, அதாவது ஒட்டுப்போட்ட இடம், மண்மட்டத்துக்கு மேல் 10 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். நட்ட உடனே மண் நன்கு அமரும்படி நீர் ஊற்றி, ஊன்றுகோலில் தளர்வாகக் கட்டுங்கள்.

அடுத்து, அடித்தண்டை ஒட்டிக் கைப்பிடி அளவு இடம் விட்டு, 7 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் காய்ந்த இலை, வைக்கோல் அல்லது மரச்சீவலால் மூடாக்கு இடுங்கள். லோக்காட்டின் உணவெடுக்கும் வேர்கள் மண்ணின் மேலடுக்கிலேயே பரவுகின்றன. மண்வெட்டியால் ஆழமாகக் கொத்திக் களை எடுத்தால் அந்த வேர்களே முதலில் அறுபடும். மூடாக்கு இருந்தால் களையும் குறையும், கொத்தும் தேவையும் இராது.

படி 5: நீரும் உரமும்

முதல் இரண்டு ஆண்டுகள் மழை இல்லாத வாரங்களில் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை வேர்ப்பகுதி முழுவதும் நனையும்படி நீர் கொடுங்கள். வேரூன்றிய பின் மரம் வறட்சியை ஓரளவு தாங்கும். ஆனால் தாங்குவது என்பது உயிரோடு இருப்பது மட்டுமே. மொட்டு விரியும்போதும், பிஞ்சு பருக்கும் வாரங்களிலும் மண் காய்ந்தால் பழம் சிறுத்துப்போகும். அந்த நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை ஆழ்ந்த பாசனம் வேண்டும். பழம் நிறம் மாறியபின் நீரைச் சீராக வைத்திருங்கள். நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென மிகுதியாக நீர் பாய்ந்தால் பழங்கள் வெடிக்கும்.

அறுவடைக்குப் பிந்தைய கோடையில், ஸ்பெயின் விவசாயிகள் சில வாரங்களுக்குப் பாசனத்தை வேண்டுமென்றே குறைப்பதுண்டு. அந்த மிதமான வாட்டம் மரத்தை முன்கூட்டியே மொட்டு விடச் செய்து, அடுத்த அறுவடையை முன்னதாகக் கொண்டுவருகிறது. முன்பழத்துக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பதால் அவர்களுக்கு அது இலாபம். வீட்டுத் தோட்டத்தில் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. உறைபனிப் பகுதியில் பூ முந்துவது பிஞ்சைக் கடுங்குளிரின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிடவும் கூடும்.

உரத்தில் மிகையே பெரிய ஆபத்து. தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் இலை செழிக்கும், பூ குறையும், மென்மையான தளிர்கள் தீக்கருகல் நோயை வரவேற்கும். முதல் ஆண்டில் 10 கிலோ மக்கிய தொழுவுரம் போதும். வளர்ந்த மரத்துக்கு அதைப் படிப்படியாக 40 கிலோ வரை உயர்த்தலாம். இதன் பெரும்பகுதியை அறுவடை முடிந்ததும், எஞ்சியதைப் பூ வருவதற்கு முன்பும் இடுங்கள். பிஞ்சு பருக்கும் காலத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரம் சிறிதளவு சேர்த்தால் சுவை கூடும். உரத்தைத் தண்டருகே குவிக்காமல், கிளைகளின் விளிம்புக்குக் கீழே வளையமாகப் பரப்பி நீர் ஊற்றுங்கள்.

படி 6: கவாத்து

இம்மரத்தின் பூங்கொத்துகள் கிளைகளின் நுனியில்தான் தோன்றுகின்றன. வசந்தத்திலும் கோடையிலும் வளர்ந்த புதுத் தளிரின் நுனியே இலையுதிர்காலத்தில் பூங்கொத்தாக மாறுகிறது. ஆகவே, மரத்துக்கு அழகான உருண்டை வடிவம் தர வேண்டும் என்று கோடை இறுதியிலோ இலையுதிர்காலத்திலோ வெளிநுனிகளை எல்லாம் ஒரே சீராகக் கத்தரிப்பவர், அடுத்த வசந்தத்தின் பழத்தைத் தம் கையாலேயே வெட்டி வீசுகிறார். ஆப்பிள், பேரி மரங்களுக்கு வழக்கமான குளிர்காலக் கவாத்தும் இங்கே பொருந்தாது. அப்போது மரத்தில் பூவும் பிஞ்சும் இருக்கும்.

சரியான நேரம், அறுவடை முடிந்த உடனே. அதன்பின் வரும் தளிர்களுக்கு நுனி முதிர்ந்து பூவாக மாற முழுக் கோடையும் கிடைக்கும்.

இளம் மரத்தில் முதல் நோக்கம் கட்டமைப்பு. தண்டை 60 முதல் 80 சென்டிமீட்டர் உயரத்தில் கிளைக்க விட்டு, வெவ்வேறு திசையில் செல்லும் மூன்று அல்லது நான்கு கிளைகளை முதன்மையாக வைத்துக்கொண்டு, நடுவில் நேராக எழும் தண்டை இரண்டு மூன்று ஆண்டுகளில் தாழ்த்திவிடுங்கள். லோக்காட் கிளைகள் நிமிர்ந்து வளரும் இயல்புடையவை. அவற்றைக் கயிற்றால் மெல்ல வளைத்துக் கட்டினால் மரம் தாழ்ந்து விரியும், காய்ப்பும் விரைவில் வரும். இந்த வேலையை முதல் ஆண்டுகளில் தள்ளிப்போட்டவர்கள் பின்னாளில் ஏணியில் ஏறிப் பழம் பறிக்க வேண்டியிருக்கும். பிஞ்சு கலைக்கவும் பை கட்டவும் கைக்கு எட்டும் உயரம் இந்த மரத்தில் மிக முக்கியம்.

காய்த்த மரத்தில், பழக்கொத்து இருந்த நுனிக்குச் சற்றுக் கீழிருந்து மூன்று, நான்கு தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். அத்தனையையும் விட்டால் எல்லாம் மெலிந்து நிற்கும். ஒன்று அல்லது இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளி எறியுங்கள். காய்ந்த பழக்காம்புகளையும், உள்நோக்கி வளர்பவற்றையும், ஒன்றோடொன்று உரசுபவற்றையும், செங்குத்தாக எழும் நீர்ப்போத்துகளையும் அடியோடு எடுத்துவிடுங்கள். நுனி வெட்டைக் குறைத்து, தேவையில்லாத கிளையை அதன் பிறப்பிடத்திலேயே எடுப்பது இம்மரத்துக்கு ஒத்துவரும் முறை. ஓர் ஆண்டில் இலைப்பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நீக்காதீர்கள். திடீரென வெளிச்சம் பட்ட கிளைகளின் பட்டை வெந்து வெடிக்கும்.

படி 7: பூங்கொத்தும் பிஞ்சும் கலைத்தல்

வீட்டு மரங்களில் பெரும்பாலும் செய்யப்படாத வேலை இது. பழத்தின் தரத்தைத் தீர்மானிப்பதும் இதுவே. ஒரு பூங்கொத்தில் நூறு பூக்கள் வரை இருக்கலாம். அவற்றில் பல உதிர்ந்தபின்னும் ஒரு கொத்தில் 10 முதல் 20 பிஞ்சுகள் தங்கிவிடும். ஒவ்வொரு பழத்துக்குள்ளும் மூன்று முதல் ஐந்து பெரிய விதைகள் இருப்பதால், பழங்களின் எண்ணிக்கை கூடும்போது மரத்தின் உழைப்பு விதைகளுக்குப் போய், சதை மெலிந்துவிடும். மரமும் களைத்து அடுத்த ஆண்டு குறைவாகப் பூக்கும். ஒரு ஆண்டு கொத்துக் கொத்தாகக் காய்த்து, மறு ஆண்டு வெறுமையாக நிற்பது இதன் விளைவு.

ஜப்பானிய விவசாயிகள் இதை மூன்று கட்டமாகச் செய்கிறார்கள். முதலில் மரத்தில் உள்ள பூங்கொத்துகளில் ஒரு பகுதியையே நீக்குகிறார்கள். பின் எஞ்சிய கொத்துகளில் சில கிளைப்பூக்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளுகிறார்கள். இறுதியாகப் பிஞ்சைக் கலைக்கிறார்கள். வீட்டில் இவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது. குளிர் மிதமான இடமானால் மிகவும் நெருக்கமாக உள்ள கொத்துகளைப் பூப்பருவத்திலேயே எடுத்துவிடலாம். உறைபனி அச்சம் உள்ள இடத்தில் பூவில் கை வைக்காமல், குளிரில் தப்பியவை எவை என்று தெரியும் வரை பொறுத்திருங்கள்.

பிஞ்சுகள் 1 முதல் 1.5 சென்டிமீட்டர் அளவை எட்டும்போது கலைப்பதற்கு உரிய தருணம். கறுத்தவை, கோணலானவை, கீறல் விழுந்தவை, மற்றவற்றைவிடச் சிறியவை ஆகியவற்றைச் சிறு கத்தரியால் வெட்டுங்கள். பிய்த்தால் பக்கத்துப் பிஞ்சும் சேர்ந்து வரும். பெரும்பழ இரகத்தில் கொத்துக்கு மூன்று அல்லது நான்கும், சிறுபழ இரகத்தில் ஐந்து அல்லது ஆறும் போதும். உயிருள்ள பிஞ்சைக் கிள்ளி எறிய மனம் வராதவர்கள் முதல் ஆண்டு மரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கலைத்துப் பார்க்கலாம். இரு பக்கப் பழங்களையும் அருகருகே வைத்தபின் மறு ஆண்டு யாரும் சொல்ல வேண்டியிராது.

கலைத்து முடித்த கையோடு கொத்துக்கு ஒரு காகிதப் பை மாட்டிக் காம்பருகே கட்டிவிடுங்கள். பறவை, வௌவால், பழ ஈ, வெயில், பழத்துக்குப் பழம் உரசிப் படும் கீறல் ஆகிய அனைத்திலிருந்தும் அது காக்கும். மழை மிகுந்த இடத்தில் பையின் அடி மூலையைச் சிறிது வெட்டி நீர் வடிய விடுங்கள்.

பூச்சியும் நோயும்

மிகவும் அஞ்ச வேண்டியது தீக்கருகல் நோய். ஆப்பிளையும் பேரியையும் தாக்கும் அதே பாக்டீரியா, ஈரமும் இளஞ்சூடும் கூடிய நாட்களில் பூ வழியாகவும் இளந்தளிர் வழியாகவும் நுழைகிறது. தளிர் நெருப்பில் வாட்டியதுபோல் கறுத்து, நுனி கொக்கியாக வளைந்து, இலைகள் உதிராமல் தொங்கும். கருகல் தெரியும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் கீழே, நலமான பகுதியில் வெட்டி, வெட்டியதை எரித்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் கத்தரியை எரிசாராயத்தால் (ஸ்பிரிட்) துடையுங்கள். இதற்கு மருந்தைவிட விரைந்த வெட்டே பயன்படும்.

இலையிலும் பழத்திலும் கரும்பச்சை வெல்வெட் போன்ற திட்டுகள் தெரிந்தால் அது சொறி நோய் என்னும் பூஞ்சணம். மழைக்குளிரில் பரவும். காற்றோட்டமான கவாத்தும், உதிர்ந்த இலைகளை அகற்றுவதும், பூ விரிவதற்கு முன் தாமிரப் பூஞ்சைக்கொல்லி தெளிப்பதும் அதைக் கட்டுப்படுத்தும். மரம் காரணமின்றி வாடி, நீர் ஊற்ற ஊற்ற மேலும் வாடினால் வேரழுகலைச் சந்தேகியுங்கள்; பாசனத்தை நிறுத்தி வடிகாலைச் சரிசெய்வதே வழி.

பழ ஈ உள்ள பகுதிகளில் உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி, கட்டிய பையில் வெயிலில் வைத்துப் புழுக்களை அழிக்க வேண்டும். தரையில் கிடக்கும் பழமே அடுத்த தலைமுறையின் தொட்டில். அசுவினியும் செதில் பூச்சியும் வேப்ப எண்ணெய்க் கரைசலுக்குக் கட்டுப்படும்.

அறுவடை

பறித்தபின் லோக்காட்டின் இனிப்பு கூடாது. மாம்பழம்போல் பழுக்க வைக்கலாம் என்று முன்கூட்டிப் பறித்தால் புளிப்பே மிஞ்சும். காம்பைச் சுற்றிலும் பச்சை முற்றிலும் மறைந்து, பழம் முழுவதும் அந்த இரகத்துக்குரிய நிறத்தை அடைந்து, விரலுக்குச் சற்றே இளகும்வரை காத்திருங்கள். ஒரே கொத்தில் பழங்கள் முன்பின்னாகப் பழுப்பதால் இரண்டு மூன்று முறை பறிக்க வேண்டிவரும். இழுத்துப் பறித்தால் காம்படியில் தோல் கிழியும். சிறு காம்போடு கத்தரியால் வெட்டி, தோலின் மென்மயிர் அழியாதபடி காம்பைப் பிடித்தே கையாளுங்கள். அழுத்திய விரல்தடம் அடுத்த நாளே பழுப்பாகத் தெரியும். அறைச் சூட்டில் சில நாட்களும், குளிர்பதனப் பெட்டியில் இரண்டு வாரமளவும் இருக்கும்.

விதையில் சயனைடை வெளிவிடும் சேர்மம் உள்ளது. ஒரு விதையை முழுதாக விழுங்கிவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் மென்றோ அரைத்தோ உண்ணக்கூடாது. சிறுவர்களுக்கு விதை நீக்கியே கொடுங்கள்.

தொட்டியில் வளர்ப்போருக்கும் விதை முளைக்க வைப்போருக்கும்

50 முதல் 60 லிட்டர் தொட்டியில் குட்டை இரகமோ சீமைமாதுளை ஒட்டோ நன்றாகக் காய்க்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வெளியே எடுத்து, வேரின் ஓரத்தைச் செதுக்கி, புதுக்கலவையில் திருப்பி வையுங்கள். கடுங்குளிர் இரவுகளில் உள்ளே நகர்த்த முடிவது தொட்டியின் தனி வசதி.

வேர்ச்செடிக்காக விதை போடுவோர், பழத்திலிருந்து எடுத்த விதையைக் கழுவி உடனே விதைக்க வேண்டும். காய்ந்தால் உயிர் போய்விடும். தண்டு பென்சில் கனம் அடைந்தபின் விருப்பமான இரகத்தின் குச்சியைப் பிளவு ஒட்டாகவோ பக்க ஒட்டாகவோ கட்டலாம். கிளைக்குச்சி வேர்விடுவது கடினம்; விண்பதியன், அதாவது மரத்திலிருக்கும் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்தெடுப்பது, அதைவிடச் சிறந்த வழி. ஆஸ்திரேலியாவின் சில பகுதிகளிலும் ஹவாயிலும் பறவைகள் பரப்பிய விதைகளால் இம்மரம் காட்டுக்குள் களையாகப் பரவியிருக்கிறது. ஆகவே காட்டோரத்தில் வசிப்பவர்கள் மிஞ்சிய பழத்தை மரத்திலேயே விடாமல் பறித்துவிட்டு, அடியில் முளைக்கும் கன்றுகளை இளமையிலேயே பிடுங்கிவிட வேண்டும்.